நடு மத்யமம்

வங்கிக்கு ஆண்டு மார்ச்சில்தான் முடிகிறது.
நான்தான் டிசம்பர் கடைசி ராத்திரியில்
பால் கணக்கு நோட்டின் பின்பக்கம்
வரவு வைத்துக்கொண்டிருக்கிறேன்.
ராயக்கோட்டை மேம்பாலத்துப் பக்கம்
எவனோ இப்போதே வெடி போடுகிறான்.

எடுத்தது இருபத்தாறு புத்தகம்.
முடித்தது பதினேழு.
நூலகத்து நாவல் ஒன்றில்
கொலைகாரன் பெயர் வரும் பக்கத்தை
எனக்கு முன்னால் யாரோ கிழித்திருந்தார்கள்,
பதிலுக்கு
குப்பம் போன பஸ் டிக்கெட் ஒன்றை விட்டிருந்தார்கள்.
பிப்ரவரி முழுக்க எனக்கு
அந்தக் குப்பத்து ஆள்மேல்தான் சந்தேகம்.

மொட்டை மாடியில் ஆறு தொட்டித் தக்காளி.
காய்த்தது ஒன்பது.
மலையிலிருந்து இறங்கிய குரங்குக்கு ஐந்து,
மிச்சம் ஒரே ஒரு நாள் ரசம்.
கிலோ நானூற்றுப் பத்து ரூபாய் விழுகிறது என்று
முனிரத்னம் கணக்குச் சொன்னார்.
சொல்லிவிட்டு
இரண்டாம் தடவை ஊற்றிக்கொண்டார்.

பவ்யஸ்ரீக்கு மாநிலம் சேர்க்கும் பைத்தியம்.
அணைக்குப் போகிற ஞாயிறுகளில்
பைபாஸ் ஓரம் சைக்கிளை நிறுத்தி
லாரி நம்பர் எழுதுவாள்.
நாகாலாந்து அவளுக்குச் சலித்தே போய்விட்டது.
ஜூலையில் ஒரு நாள் லடாக் வந்தது,
ஜிலேபி வாங்கினோம்.
மிசோரம் இன்னும் வரவில்லை.

மாம்பழக் கூழ் ஆலைகள்
ஊர்க்காற்றையே புளிக்கவைக்கும் வாரத்தில்
மடிவாளாவிலிருந்து வந்தது பழைய கீபோர்டு.
நடு மத்யமம் மட்டும் ஊமை.
முப்பத்தொன்பது வயதில் சரளி வரிசை:
ச ரி க
ஒரு பள்ளம்
ப.

அந்தப் பள்ளத்தில் முதலில் விழுந்தவர் முனிரத்னம்.
குளியலறையிலிருந்து, வாய் நிறைய பேஸ்ட்டோடு,
"ம."
பிறகு அதுவே வீட்டு வழக்கமாயிற்று.
பின்னக் கணக்கிலிருந்து தலை தூக்காமல்
பவ்யஸ்ரீ சொல்வாள்.
கேஸ் போட வந்த பையன்கூட ஒருமுறை
சிலிண்டரை உருட்டிக்கொண்டே சொன்னான்.

புரட்டாசியில் ஒன்பது நாள் பேச்சில்லை.
தம்பி லாரி வாங்க அவர் போட்ட ஜாமீன் கையெழுத்து.
என்னிடம் சொல்லவில்லை.
காகிதம் என் வங்கிக்கு, என் மேசைக்கே வந்தது.
முத்திரை வைத்த கை என்னுடையது.

அந்த ஒன்பது நாளும் வாசித்தேன்.
ச ரி க      ப
ச ரி க      ப
பவ்யஸ்ரீ வாயைத் திறப்பாள்,
எங்கள் இருவர் முகத்தையும் பார்ப்பாள்,
மூடிக்கொள்வாள்.
பத்தாம் நாள் காலை
வெங்காயம் நறுக்கும் சத்தத்துக்குள்ளிருந்து
ஒரு "ம" வந்தது.
சுருதி சேரவில்லை.
நான் திரும்பிப் பார்க்கவில்லை,
நிறுத்தவும் இல்லை,
ப-வுக்குப் போய்விட்டேன்.
(ஜாமீன் இன்னும் தீரவில்லை.
அது வேறு நோட்டில்.)

கார்த்திகையில் பெங்களூர் ரோட்டுக் கடையில்
எண்ணூறு ரூபாய்க்குச் சரிசெய்து தந்தார்கள்.
கட்டைக்கு அடியில் காய்ந்த எறும்புகள்,
ஒரு சிட்டிகை இருக்கும்.
இப்போது எல்லாக் கட்டையும் பேசுகிறது.

ஆனால் குளியலறை விடுவதாயில்லை.
பெட்டியின் மத்யமம் விழுந்து
அரை நொடி கழித்து
அவருடையது வந்து சேர்கிறது,
இறங்கும் நிறுத்தம் தாண்டியபின்
விசில் ஊதுகிற கண்டக்டர் மாதிரி.
எண்ணூறு ரூபாயைச் செலவில் எழுதிவிட்டேன்.
இதை எந்தப் பக்கம் எழுத?

மாடியிலிருந்து குரல்:
"அம்மா, இருட்டுல நம்பரே தெரியல.
இப்பப் போனதுல ஒண்ணு
மிசோரமா இருந்தா?"

பன்னிரண்டு அடிக்க நாலு நிமிஷம்.
நோட்டை அப்படியே கவிழ்த்துவிட்டு
டார்ச்சைத் தேடுகிறேன்.