ஐந்து பாகை

கறுப்புப் புள்ளியில் ஒரு வெட்டு.
அதற்குள் வெள்ளைச் சோக்கு அப்பியிருக்கிறேன்.
நிமிடத்துக்கு எழுநூற்றைம்பது தரம் சுற்றுவது
துவக்கு மாதிரிப் பிடித்த ரைமிங் லைட்டின் கீழ்
அப்படியே நிற்கிறது,
படம் பிடிக்க நிற்கிற பள்ளிப் பிள்ளை போல.
அது நிற்கவில்லை.
நம்பி விரல் வைத்த ஒருவனுக்கு
இப்போது ஒன்பது விரல்.

ஹைலக்ஸ், தொண்ணூற்றி மூன்று.
கடல் வந்துபோன பிறகு
ஊருக்குள் வரிசையாக வந்த வெள்ளை வாகனங்களில் ஒன்று.
கதவிலிருந்த நிறுவனத்தின் பெயரை
யாரோ பிளேட்டால் சுரண்டியிருக்கிறார்கள்.
பின்னேர வெயிலில் இன்னும் வாசிக்கலாம்.
இப்போது மீன் ஏற்றுகிறது,
புல்மோட்டையிலிருந்து, ஐஸ் கரைய முன்.

திங்கட்கிழமை வந்தார் முஸம்மில்.
"உவர்மலை ஏறக்குள்ள
உள்ளுக்கு யாரோ சில்லறை குலுக்குறான்."
எனக்கு அந்தச் சத்தம் தெரியும்.
பிஸ்டன் மேலே வந்து சேர முன்னம்
பொறி விழுகிறது.
வாறவன் படி ஏற முன்னமே
கதவைத் தள்ளி அவன் மூக்கில் இடிக்கிற வேலை.

ஆனால் இந்த எஞ்சின் பழசும் இல்லை, புதுசும் இல்லை.
டிஸ்ரிபியூட்டர் கையால் திருப்புகிற சாதி.
அதற்கு மேல் ஒரு தகரப் பெட்டி,
சூட்டைப் பார்த்து, காற்றைப் பார்த்து,
தன் பாட்டுக்கு நேரத்தை முன்னுக்குத் தள்ளும்.
அது கதைத்துக்கொண்டிருக்கும்வரை
ஐந்து எங்கே என்று கண்டுபிடிக்க ஏலாது.
பொனற்றுக்குள் ஒரு சின்ன மூடி.
திறந்து, இரண்டு ஓட்டைகளை
இரண்டு அங்குல வயரால் தொடுத்தால்
பெட்டி வாய் மூடும்.

தொடுத்தேன்.
பன்னிரண்டாம் சாவியால் ஆணியை இளக்கி
கழுத்தை ஒரு மயிரளவு திருப்பினேன்.
வெட்டு வந்து ஐந்தில் நின்றது.
இறுக்கினேன். இன்னொருக்கா பார்த்தேன். ஐந்துதான்.
அப்போதுதான் மான் வந்தது.
கோட்டைப் பக்கத்துப் பழைய கிழடு,
புது ஃபில்டரின் காட்போட் பெட்டியைத் தின்று
பில்லையும் கவ்விக்கொண்டு றோட்டில் இறங்கியது.
நான் ஓடினேன். முஸம்மில் சிரித்தார்.
திரும்பி வந்து பொனற்றைச் சாத்தினேன்.

செவ்வாய் போன் வந்தது.
"சில்லறை இல்ல. ஆனா இழுவையும் இல்ல.
மஞ்சள் லைட் ஒண்டு
விட்டு விட்டுக் கண்ணடிக்குது."
"சென்சராக்கும்," என்றேன்,
வாயில் இடியப்பம்.

வெள்ளி. குச்சவெளி தாண்டி எஞ்சின் கொதித்து
மூன்று பெட்டிப் பாரை கெட்டுப்போன வெள்ளி.
பொனற்றைத் தூக்குகிறேன்.
மூடி திறந்தபடி.
சிவப்பு வயர், என் வயர்,
நான் உரித்த முனை, நான் வளைத்த வளைவு.
நாலு நாளாய் அந்தப் பெட்டி
வாய் கட்டிக் கிடந்து
மிச்சமிருந்த ஒரே கண்ணால்
கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறது.

அவர் ரயரில் சாய்ந்து தேத்தண்ணி குடிக்கிறார்.
உள்ளங்கைக்குள் வயரை மடித்து
"சென்சரை மாத்திட்டன்" என்று சொல்லலாம்.
சொன்னால் காசும் வரும்.
லைட்டைப் பிடித்துப் பார்த்தேன்.
வயர் போனதும்
சோக்குக் கோடு ஐந்தை விட்டுத் துள்ளி
பன்னிரண்டில் போய் நின்றது.

"பிழை என்ர," என்றேன்.
நீட்டினேன்.
அவர் அதைக் கனநேரம் பார்த்தார்.
"இவ்வளவுதானா?"
"இவ்வளவுதான்."
"மூண்டு பெட்டி பாரை."
"ஓம்."

ஏசுவார் என்று நின்றேன்.
பாரைக் கணக்கைப் பிறகு பார்ப்போம் என்றார்,
அதுவும் மன்னிப்பு இல்லை.
திறப்புக் கோர்வையை எடுத்து
வயரை அதில் இரண்டு சுற்றுச் சுற்றினார்.
"இனி இது எனக்கிட்ட இருக்கும்.
வேலைக்கு நான் தருவன்.
முடிஞ்சாப் பிறகு
நானே கேட்டு வாங்குவன்."

போனார்.
செத்த லைட்டைக் கையில் வைத்துக்கொண்டு
உவர்மலைப் பக்கம் காது கொடுத்தேன்.
மூன்றாம் கியர்.
இரண்டு.
ஏறுகிறது.