வாடை

தியோவின் பன்றிப்பண்ணைக்கு மேற்கே
ஒன்றேகால் ஏக்கர்.
பதினெட்டு வருஷமாக வாடகை ஏறவில்லை.
நிலச்சொந்தக்காரருக்கு நல்ல மனசு என்று
கொஞ்ச நாள் நம்பினேன்.
வாடைதான்.

வால்டோர்ப் பக்கமிருந்து காற்று திரும்பும் மாலைகளில்
கங்கோங் கட்டுகளை
இரண்டு தண்ணீர் கூடுதலாக அலசுவேன்.
எங்கே விளைந்தது என்று
சிம்பாங் அம்பாட் சந்தையில் யாரும் கேட்டதில்லை.
வீட்டுமனை பார்க்க வந்த கார்கள்
சாலை முனையில் கண்ணாடியை இறக்கும்,
உடனே ஏற்றிக்கொண்டு போய்விடும்.
வேலி போட எனக்கு வசதியில்லை.
தியோவிடம் எண்ணூறு பன்றிகள் இருந்தன.

போன மழைக்காலத்தில் நோய் வந்தது.
வெள்ளை உடுப்பு ஆட்கள், சுண்ணாம்பு மூட்டைகள், குழி.
மூன்று இரவு விளக்கு அணையவில்லை.
பிறகு தியோ
பினாங்குத் தீவில் மகன் வீட்டுக்குப் போய்விட்டார்.
போகும்போது எனக்கு இரண்டு நீல டிரம்.

ஆறு மாதம் சும்மா கிடந்தது பண்ணை.
ஒரு காலை கதவைத் திறந்தால்
புல் வாசம்.
என் கீரைக்கு வாசம் உண்டென்று அன்றுதான் தெரிந்தது.
சந்தோஷப்பட்டேன், மறைப்பானேன்,
துணியைக்கூட வெளியே காயப்போட்டேன்.

அந்த வாரமே
சிவப்பு நுனி முளைக்குச்சிகள்.
முதலில் கிடங்கு என்றார்கள்,
பிறகு இருநூற்றுப் பத்து இரட்டைமாடி வீடுகள்.
அதற்கும் அப்பால் செம்பனைக்காரர்
மரங்களுக்கு உரம் வைப்பதை நிறுத்திவிட்டார்.
அவரை இன்னும் யாரும் விலை கேட்கவில்லை.
கேட்பார்கள் என்று
மரங்களுக்குத் தெரிந்துவிட்டது,
மட்டைகள் மஞ்சளாகத் தொங்குகின்றன.

நிலச்சொந்தக்காரர் போன் செய்தார்.
பண்ணை என்ன விலைக்குப் போச்சாம், சும்மா கேட்கிறேன்.
பக்கத்து இலைக்குப் பாயசம் கேட்கும் குரல்.

மறுநாள் மதிப்பீட்டுக்காரப் பையன் சர்வின்
சப்பாத்தில் சேறு படாமல் வரப்பில் நின்று,
"அக்கா, உங்க நிலத்துல ஒண்ணுமே மாறல.
பக்கத்து நிலம் மாறிடுச்சு" என்றான்.
வாடகைக்கு இருக்கிறேன் என்றதும்
பேனாவை மூடிவிட்டான்.
என் பெயர் அதற்குள் பாதி எழுதியிருந்தது.

நேற்று
மாதிரி வீடு பார்க்க வந்த ஒருத்தி
மதில் வழியே எட்டிப் பார்த்து மூக்கைப் பொத்தினாள்.
அப்போதுதான் கோழி எரு போட்டிருந்தேன்.
"இந்த நாத்தம் எப்பவும் இருக்குமா?"

எப்பவும், என்றேன்.

இன்னும் நாலு மூட்டைக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.