காது வைக்கும் இடம்

ரிச்சி தெருவில் வாங்கும்போது
கடைக்காரர் சொன்னது ஒன்றுதான்:
"பின்பலகையில திருகிடுங்க, அவ்ளோதான்."
அவர் படகைப் பார்த்ததில்லை.

முதலில் இடப்பக்கம் வைத்தேன்,
மோட்டாரிலிருந்து ஒரு முழம் தள்ளி.
நின்றால் தரை தெரிந்தது.
ஓடத் தொடங்கினால் திரை முழுக்க
மஞ்சளும் சிவப்புமாய்ப் புள்ளிகள்,
அப்பிக்கொண்டு மீன்.
கவலை மந்தை என்று பாளையம் கத்தினான்.
வலை விட்டோம்.
இழுத்துப் பார்த்தால் இரண்டு சொறி மீன்,
ஒரு பால் பாக்கெட்.
காத்தாடி கிளப்பிய நுரைக்கு
வலை போட்ட ஆள் என்று
ஏலம் விடும் இடத்தில் நான்கு நாள் என் பெயர் ஓடியது.

என் இடது காது இருபது வருசமாய்
அதே மோட்டார் பக்கம் உட்கார்ந்து
இப்போது ஒன்றும் கேட்பதில்லை.
எனக்கே தெரிந்திருக்க வேண்டும்,
காதை அங்கே வைக்கக் கூடாதென்று.

வலப்பக்கம் மாற்றினேன்.
நுரைக்குக் கீழே இரண்டு விரற்கடை இறக்கினேன்.
மூன்று நாள் நன்றாகவே இருந்தது.
நாலாம் நாள் அலை எங்களைத் தூக்கி
ஸ்ரீனிவாசபுரம் மணலில் அறைந்தபோது
பிடி முறிந்து, வயரில் தொங்கியது.
துறைமுகத்தில் கட்டிப்போடும் படகில்லை இது.
டிராக்டர் இழுக்க இழுக்க மணலில் தேய்ந்து
வீட்டுக்குப் பக்கம்வரை வருகிற படகு.
வயிற்றுக்கு வெளியே எதுவும்
நீட்டிக்கொண்டிருக்க முடியாது.

அப்படியானால் உள்ளே.
ஃபைபர் வழியாகச் சத்தம் போகுமாம்,
நடுவில் தெர்மாகோல் இருந்தால் போகாதாம்.
மண்டியிட்டு, வலது காதைத் தாழ்த்தி,
விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போனேன்.
பொத். பொத். பொத்.
ஏராவுக்குப் பக்கத்தில், கடைசிக்கு முந்தின சட்டத்தருகே
டங்.

முகத்துவாரத்தின் அசையாத தண்ணீரில் நிறுத்தி
அங்கே வைத்தேன்.
திரையில் ஒன்றுமில்லை.
அழுத்தினேன். ஒன்றுமில்லை.
திரையைப் பிடித்திருந்த லோகநாயகி
"ஈரமாக்கினியா?" என்றாள்.
போன மாசம் ராயப்பேட்டை ஆஸ்பத்திரியில்
பித்தப்பைக் கல்லுக்கு ஸ்கேன் எடுத்தவள்.
"வயித்துல கொழகொழன்னு தடவுனாங்க.
எதுக்குன்னு கேட்டேன்.
நடுவுல துளி காத்து இருந்தாலும்
படம் வராதாம்."

குடிக்க வைத்திருந்த தண்ணீர் பாக்கெட்டை
அவளே எடுத்து, ஃபைபரை நனைத்து,
மேலே கிடத்தி, நனைந்த கருவியை
அதன்மேல் அழுத்தினாள்.
ரெண்டு புள்ளி ஒண்ணு.
நான் ஈயக்குண்டு விட்டுப் பார்த்தேன்.
ஒரு பாகமும் கொஞ்சமும். சரிதான்.

மறுநாள் ரெசின் கலக்கினோம்.
வேகமாய்க் கலக்கக் கூடாது, குமிழி வரும்.
பாளையத்துக்கு மெதுவாய் எதுவும் வராது;
டீ வாங்க அனுப்பிவிட்டோம்.
அவள் ஊற்றினாள்.
நான் கருவியை மெல்லத் திருகியபடி அமர்த்தினேன்.
கடைசி நொடியில் கடுகளவு ஒன்று
அடியில் நழுவியதைப் பார்த்தேன்,
அல்லது பார்த்ததாக நினைத்தேன்.
அவளும் பார்த்தாளா, கேட்கவில்லை.
இறுகிவிட்டது.

இன்று விடிகாலை வாடைக் காற்று.
முழு வேகத்தில் ஓடியும் திரையில் மழை இல்லை.
பதினெட்டு. பத்தொன்பது. பத்தொன்பது.
தரைக்கோட்டில் ஒரு மேடு, பாராக இருக்கலாம்.
அதன்மேல் மெல்லிய வளைவு இரண்டு,
மீனோ, அந்தக் கடுகின் நிழலோ.
தூண்டில் விட்டேன்.
ஒரு சங்கரா ஏறியது.
இன்னொரு வளைவு என்னவென்று தெரியாது.

திரும்பும்போது எண் இறங்கிக்கொண்டே வந்தது.
மூன்று, ஒன்று, புள்ளி நாலு.
மணலைத் தொட்டதும் எண் போய்
இரண்டு சிறு கோடுகள், அணைந்து, எரிந்து.
கரையில் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறோம் என்று
அதற்குத் தெரியவில்லை.

லோகநாயகி கூடையோடு வந்து
இடப்பக்கம் நின்று ஏதோ சொன்னாள்.
தலையைத் திருப்பி வலதைக் கொடுத்தேன்.
"அத்த நிறுத்து. பேட்டரி போவுது."