முப்பது கிலோசைக்கிள் தூரம்

நவம்பர் இருபத்திரண்டு, வெள்ளிக்கிழமை.
வாஷிங்டனில் யாரோ ஒருவர்
காற்றின் மேல் அளவுகோல் வைத்துக்
கோடு கிழித்துவிட்டார்.
வீட்டில் எதுவும் இடம் மாறவில்லை.
மொன்டானாவின் பனி அதே பனி,
சரக்கு ரயில் அதே ஒன்பது மணி.
நான் மட்டும்
மூவாயிரத்து எண்ணூற்று முப்பதில்
வாய் திறக்கக் கூடாதவள் ஆனேன்.

பதினோரு வருஷம் பேசிய இடம்.
டயலின் கண்ணாடி அங்கே மட்டும்
என் நகம் பட்டுப் பட்டு மங்கியிருக்கிறது.

என்னுடையது ஜெனரல் உரிமம்.
எமில் ராஸ்முசனுடையது அட்வான்ஸ்டு,
ஐம்பத்திரண்டில் வாங்கி
ஆணியில் மாட்டி மறந்துபோனது.
நேற்றுவரை இரண்டுக்கும் ஒரே பந்தி.
இன்று அவர் இலைக்கு மட்டும் பரிமாறுகிறார்கள்.

கொஞ்சம் மேலே நகர்ந்து வாருங்களேன் என்று எழுதினேன்.
பதில் வந்தது:
"என்னிடம் இருப்பது ஒரே படிகம், வெர்னா.
அதற்கு ஒரே எண்தான் தெரியும்.
இன்னொன்று மூன்று டாலர்.
மூன்று டாலருக்காக இல்லை."
அதற்குக் கீழே
எதுவும் எழுதாமல் கையெழுத்துப் போட்டிருந்தார்.

விதிப்புத்தகத்தை இரண்டு ராத்திரி புரட்டினேன்.
அங்கே நான் பேசக் கூடாது என்றிருந்தது.
கேட்கக் கூடாது என்று ஒரு வரியும் இல்லை.
காதுக்கு வகுப்பு பிரிக்க
அவர்களுக்குத் தோன்றவில்லை போலும்.

அப்படித்தான் ஆரம்பித்தது.
அவர் முப்பதில் பேசுவார், நான் அறுபதில்.
அவர் தன் டயலை என் பக்கம் திருப்பிக் கேட்பார்,
நான் என்னுடையதை அவர் பக்கம்.
வேலியின் இரு புறமும் நின்று
தட்டு மாற்றிக்கொள்பவர்கள் மாதிரி.
முதல் வாரம் சிரிப்பு வந்தது.
பிறகு அதுவும் பழகிப்போயிற்று.

ஏப்ரலில் பில்லிங்ஸ் போய்ப் பரீட்சை எழுதினேன்.
இருநூற்றைம்பது மைல், பாதி வழி சேறு.
வெற்றிடக் குழாயின் மின்னோட்டத்தைக்
கணக்குப் போடச் சொன்னார்கள்.
ஈனும் பசுவுக்குள் கைவிட்டுக்
கன்றைத் திருப்பத் தெரியும் எனக்கு.
மின்னோட்டம் திரும்பவில்லை.
"முப்பது நாள் கழித்து மறுபடி வரலாம்"
என்றார் பரீட்சைக்காரர், மிக மரியாதையாக.
திரும்பும் வழியில்
ஒரு துண்டு பை தின்றேன், ருபார்ப்.
மறுபடி போகவில்லை.

ஜூனில் ஒரு தபால் அட்டை.
கனடா முத்திரை. ஸ்விஃப்ட் கரண்ட்.
ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில்
இரவு வேலை பார்ப்பவளாம், பெயர் ஓல்ஹா பிரிஸ்டுபா.
உரிமம் கிடையாது, எந்த வகுப்பும் கிடையாது.
பழைய ரேடியோ ஒன்று மட்டும்.
விலாசம் எமிலின் வாயிலிருந்தே கிடைத்ததாம்:
ஹேவர், வெர்னா, சிவப்புக் கொட்டகை.

"குளிர்காலம் முழுக்க அந்த மனிதரைக் கேட்டேன்.
அவர் கேட்பார். பிறகு மௌனம்.
பிறகு அவரே சிரிப்பார்.
யாரோ செத்துப்போனவளிடம் பேசுகிறார்
என்றுதான் முதலில் நினைத்தேன்.
பிப்ரவரியில் ஒரு நாள்,
'மூச்சு விடுகிறதா?' என்றார்.
ரொம்ப நேரம் மௌனம்.
'சரி, அடுப்பருகிலேயே படுக்கட்டும்' என்றார்.
எது? பிழைத்ததா?
நீராவிக்கு நடுவில் நின்று
நான் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்."

பொதுஜனத்துக்குச் சேதி சொல்ல
என் உரிமத்தில் இடமில்லை.
ஜெனரலுக்கும் இல்லை, எந்தப் பெரிய வகுப்புக்கும் இல்லை.
எனவே தபாலில் நான் எழுதியது ஒரே வரி:
அவர் நிறுத்தியதும்
டயலை முப்பது மேலே திருப்பு.

பத்து நாள் விட்டு, ஒன்பது மணி ரயில் போன பிறகு,
எமில் வானிலையைச் சொல்லி முடித்தார்.
நான் அறுபதில் விசையை அழுத்தி,
கொஞ்சம் காத்திருந்தேன்.
ஒரு கை திருப்பும் அளவு நேரம்.

"எமில்" என்றேன்,
"பிப்ரவரியில் அடுப்பருகில் கிடந்ததே,
அந்தக் கிடாரிக்குக் கொம்பு முளைக்கிறது."

"அதான் போன வாரமே சொன்னாயே" என்றார் அவர்,
முப்பதிலிருந்து.