ஏழாம் படுக்கையின் சொல்

வால்திவியாவில் மழை நின்றால்தான் செய்தி.
மருத்துவமனை நூலகம் நிலவறையில்.
புத்தகங்கள் முதலில் மாடிக்கும் பிறகு குப்பைக்கும் போயின.
மிச்சம் நான், இரண்டு கணினி,
ஒழுகும் மூலைக்கு ஒரு நீல வாளி.

செவ்வாய் மதியம் டாக்டர் எவரிஸ்தோ
வாசலிலேயே நின்று கேட்டார்:
"டயாலிசிஸ் நோயாளி. அரிப்பு. தூக்கமில்லை.
மூன்று மருந்து கொடுத்தாயிற்று.
வேறென்ன இருக்கிறது, பாருங்கள் இசௌரா."
நான் வாய் திறக்குமுன்
லிஃப்ட் அவரைக் கொண்டுபோய்விட்டது.

கேள்வியைக் கூறுபோடுவது என் பிழைப்பு.
யாருக்கு, எதைக் கொடுத்து,
எதோடு ஒப்பிட்டு, என்ன ஆகவேண்டும்: நாலு கிண்ணம்.
ஒவ்வொன்றிலும் ஒரு சொல்லும் அதன் அக்கா தங்கைகளும்.
அரிப்பு, நமைச்சல், தினவு,
லத்தீன் கோட்டு மாட்டிக்கொண்ட அதே தினவு.
கிண்ணத்துக்குள் "அல்லது".
கிண்ணங்களுக்கு நடுவே "மற்றும்".
சொல்லின் வாலை வெட்டி நட்சத்திரம் வைத்தால்
பன்மையெல்லாம் தானே வந்து ஒட்டிக்கொள்ளும்.

நாலாயிரத்து முன்னூற்றுப் பதினெட்டு.
மீன்சந்தைப் படித்துறையில் குரைக்கும் கடற்சிங்கங்களுக்கே
இவ்வளவு தாங்காது.

வலையின் கண்ணைப் பெரிதாக்கினேன்.
பெரியவர்கள் மட்டும். மனிதர்கள் மட்டும்
(எலிகளுக்கும் அரிக்கிறது, நிறையவே).
பிறகு "இல்லாமல்" என்ற கத்தியை எடுத்தேன்:
நரம்புக் கோளாறுகள் இல்லாமல்.
அறுபத்திரண்டு.
எல்லாம் படித்தேன்.
அவருக்குக் கொடுத்துத் தோற்ற அதே மூன்று மருந்து,
வேறு வேறு நாட்டு உடுப்பில்.

புதன்கிழமை மேலே போனேன். நான்காம் மாடி.
நூலகர் நோயாளியைப் பார்ப்பது வழக்கமில்லை.
யாரும் தடுக்கவுமில்லை.
ஏலியோதோரோ உவெஞ்சுமான், மர ஆலையில் வேலை பார்த்தவர்.
கைகால்களில் ஒரு நகக்கீறல்கூட இல்லை.
"அரிக்கிறதா?"
"யார் சொன்னது அரிப்பென்று?
எறும்பு. முழங்காலுக்குக் கீழே, உள்ளே.
படுத்தால் கிளம்பும்.
எழுந்து நடந்தால் போய்விடும்."

படி இறங்கும்போதே தெரிந்துவிட்டது.
"இல்லாமல்" என்று நான் சாத்திய கதவுக்குப் பின்னால்தான்
அந்தக் கால்கள் இரவெல்லாம் நடந்திருக்கின்றன.

எங்கள் ஊரில் அது வினைச்சொல்.
கால் எறும்புகிறது என்போம்.
தரவுத்தளத்தில் அதற்கு வேறு பெயர்: ஓயாத கால்கள்.
இரண்டையும் ஒரே கிண்ணத்தில் போட்டேன்.
நூற்று நாற்பத்தொன்று.
அடிக்குறிப்புகளின் வால்பிடித்துப் போனதில் இன்னும் ஆறு.
அதில் ஒன்று போர்ச்சுகீசியம்.
ஒன்று திரும்பப் பெறப்பட்டது, தலைப்பின் மேலேயே சிவப்பெழுத்து.
பணம் கேட்ட ஒன்றை எழுதியவரிடமே கேட்டேன்,
மூன்று மணி நேரத்தில் அனுப்பினார், மன்னிப்போடு.

எவரிஸ்தோவுக்கு ஒரு பக்கம் எழுதினேன்.
இவ்வளவு தெரிகிறது. இது உறுதியில்லை.
இது இரண்டே நோயாளிகளிடம் பார்த்தது.
கீழே, எங்கு தேடினேன், எந்தத் தேதி, எந்தச் சொற்கள்,
எதை விட்டேன், ஏன் விட்டேன்.
நாளைக்கு வேறொருத்தி இதே படியில் இறங்கி
இதே எண்ணுக்கு வந்து சேரவேண்டும்.
செவ்வாய்க்கிழமைத் தேடலையும் இணைத்தேன்,
அதன் தவறோடு.
அழித்துவிட ஆசையாகத்தான் இருந்தது.

மருந்து மாறியதா, தூங்கினாரா, தெரியாது.
அது என் மாடி இல்லை.

வெள்ளி காலை வாளியைக் கொட்டிவிட்டு வந்தால்
வாசலில் ஒரு இளம் மருத்துவர்,
"சின்ன கேள்விதான்" என்றார், கைப்பிடியை விடாமல்.
நாற்காலியை இழுத்துப் போட்டேன்.
உட்காருங்கள்.
நோயாளி எந்த வார்த்தையில் சொன்னார்?