பதினேழு பேர்

ஏழரைக்குப் பேருந்து. ஏழு ஐம்பதுக்குத்தான் கிளம்பும்.
அந்த இருபது நிமிடமும் யாரோ ஒருவர்
ஹோட்டல் கழிவறையில் இருப்பார்.
என் பெயர் துயென். டா நாங்கில் பிறந்தவள்.
பழைய ரேடியோ ஏரியலில் மஞ்சள் துணி கட்டிய கொடி என்னுடையது,
இழுத்தால் நீளும், மடித்தால் கைப்பைக்குள்.

கீழ்நிலையத்தில் எண்ணினேன்: பதினேழு.
கேபிள் கார் நிற்காது, வேகம் குறையும், அவ்வளவுதான்,
வலது காலை முதலில் வையுங்கள் என்று
நான் சொல்லி முடிப்பதற்குள்
ஹாய் ஃபோங் மீன் வியாபாரி ஏறி
ஜன்னலோரம் பிடித்து
செருப்பையும் கழற்றிவிட்டார்.

பாதி மலையில் காது அடைக்கும்.
எச்சில் விழுங்குங்கள் என்பேன்.
ஒன்பது பேர் ஒரே நேரத்தில் எச்சில் விழுங்கும் சத்தம்
வேறெந்த வேலையிலும் கேட்கக் கிடைக்காது.

அவர்கள் பள்ளத்தாக்கைப் பார்ப்பார்கள்.
நான் அவர்களைப் பார்த்து நிற்பேன்.
ஆறு வருடம், வாரம் ஐந்து நாள்.
வலப்பக்கம் அருவி என்று கை காட்டுவேன்
திரும்பாமலே.
புருவங்கள் ஏறினால் தண்ணீர் நிறைய,
ஏறாவிட்டால் கோடை.

மேலே ஒரு கோட்டை. சிமெண்டில் வார்த்து
பழசுபோல் கறை பூசியது.
பாசி மட்டும் அசல், யாரும் கூப்பிடாமல் வந்தது.
ஒரே படிக்கட்டில் படமெடுக்க மூன்று மணஜோடிகள் வரிசையில்.
மூன்றாவது பெண் கவுனுக்குள் கம்பளி சாக்ஸ் போட்டிருந்தாள்.
அப்போது மூடுபனி வந்து
கோட்டையை எடுத்துக்கொண்டு போயிற்று.
பணம் கட்டியவர்கள் என்னைப் பார்த்தார்கள்,
நான்தான் ஒளித்துவைத்தேன் என்பதுபோல.

சாப்பாட்டு மேசையில் எண்ணினேன்: பதினாறு.
மறுபடி, பதினாறு.
நூடுல்ஸ் வரிசையில் தேடி
கழிவறைக் கதவுகளில் பெயர் சொல்லிக் கூப்பிட்டு
மெழுகு பொம்மைகளுக்கு நடுவே
ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு போனேன்.
திருமதி தொவா. நாம் தின் ஊர், தனியாக வந்தவர்,
பழுப்பு ஸ்வெட்டர்,
காலையிலிருந்து ஒரு படம்கூட எடுக்காதவர்.

மலையுச்சியில் ஆளைத் தொலைத்தால்
முதலில் சம்பளம் ஞாபகம் வருகிறது.
அப்புறம் அவருடைய முழங்கால் வலி.
அப்புறம்தான் பள்ளம்.
இந்த வரிசையை யாரிடமும் சொன்னதில்லை.

மேல்நிலையத்தில் டிக்கெட் கிழிக்கும் க்வீ சொன்னான்:
"பழுப்பு ஸ்வெட்டரா?
கீழே போச்சு, மேலே வந்துச்சு,
மறுபடி கீழே போயிருக்கு.
கூடாதுன்னு எங்கேயும் எழுதலையே."

வந்து இறங்கினார், வலது காலை முதலில் வைத்து.
கோபத்தை நாக்கடியில் தயாராக வைத்திருந்தேன்.
அவர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.
"பன்னிரண்டாவது தூணைத் தாண்டினதும்
காட்டுக்குள்ளே ஒரு தகரக்கூரை. கொடியில் துணி."
கொடி என்றதும் என் கையிலிருந்ததைப் பார்த்தேன், முட்டாள்போல.
"முதலில் நாலு சட்டை.
அடுத்த தடவை ரெண்டு.
இப்போ ஒன்றுமில்லை. மழை வருமுன்னே எடுத்துட்டாங்க.
யாரும்மா அங்கே இருக்கிறது?"

கம்பியின் தடிமன் எனக்குத் தெரியும்.
கோட்டைக்கு எத்தனை மூட்டை சிமெண்ட் என்று தெரியும்.
"யாரும் இல்லை, அது காப்புக்காடு" என்றேன்,
மனப்பாடத்திலிருந்து.
"சட்டை இருந்ததே" என்றார்.

மூன்றரைக்கு இறங்கினோம். மழை.
பன்னிரண்டாம் தூணில் பெட்டி ஒருமுறை குலுங்கும்,
பயப்பட வேண்டாம், அது சக்கரம்தான் என்று
சொல்ல ஆரம்பித்த நான்
பாதி வாக்கியத்தில் திரும்பினேன்.

கண்ணாடி முழுக்க வெள்ளை.
என் மூச்சும் அதில் சேர்ந்துகொண்டது.
"வழிகாட்டிக்கு என்ன ஆச்சு?" முதுகுக்குப் பின்னால் மீன் வியாபாரி.
தொவா பக்கத்தில் வந்து
ஸ்வெட்டர் கையால் கண்ணாடியைத் துடைத்தார்.
உட்பக்கம்தான் துடைக்க முடிந்தது.
"இங்கேதான்" என்று விரல் வைத்தார்.
விரல் வைத்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்,
கீழ்நிலையம் வரும்வரை.

பேருந்தில் எண்ண மறந்துவிட்டேன்.
ஓட்டுநர் வூதான் எழுந்து நின்று
எல்லாரையும் எண்ணினார்.