இடது கால்

கெமியார்வியில் ஏப்ரல்.
கொட்டகை ஓரத்துப் பனி
அழுக்குச் சர்க்கரையாய்க் கிடக்கிறது.
எஞ்சினுக்கடியில் விறகுக்கட்டை,
முன்சக்கரம் சுவரோரம்.

வலது ஃபோர்க்கின் மூடியைத் திருகுகிறாள் ரைலி.
கடைசிப் புரியில் ஸ்பிரிங் எகிற
மூடி கூரையில் மோதி
எங்கோ விழுந்தது.
"கிடக்கட்டும், கவிழ்."

சாம்பல் நிற எண்ணெய். கெட்ட மீன் வாடை.
அளவுக்குவளையில் ஐந்நூற்று இருபது மில்லி.

இடது கால்:
நூற்றுச் சொச்சம்.
பிறகு சொட்டு.
பிறகு அதுவும் இல்லை.

போன ஜூலை, நூர்ட்காப் போய்த் திரும்பிய
ஆயிரத்து நானூறு கிலோமீட்டரும்
பிரேக் பிடித்தால் தலை குத்துகிறது என்றாள்.
உன் பிடிதான் முரடு என்றேன்.
இல்லவே இல்லையென்று
ஒற்றைக்காலில் நின்றாள்.

வண்டியும்தான் நின்றிருக்கிறது.

சீல் கசிந்ததை
சேறு என்று துடைத்த துணி
இன்னும் என் பெட்டியில்.

புது சீல். புது எண்ணெய், காட்டுப்பழச் சிவப்பு.
குழாயை ஏற்றி இறக்கிக் குமிழ் போக்கி,
ஸ்கேல் விட்டுப் பார்க்கிறேன்:
விளிம்பிலிருந்து நூற்று முப்பது மில்லிமீட்டர்.
"சரியா?"
"நீ சொன்னது சரி."
அவள் கேட்டது எண்ணெயை.

டார்ச்சோடு குப்புறப் படுத்து
மூடியைத் தேடுகிறேன்.
உருளைக்கிழங்குச் சாக்குக்குப் பின்னால் பார்,
என்கிறாள்,
முன்பே தெரிந்தவள் போல.